அப்பாவுக்குப் பரிமாறிய நாள்

என் அப்பா ஃபோர்ட் கொச்சியில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவராக இருந்தார். வேலை முடிந்து மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அன்றைய விருந்தாளிகளை எங்களுக்கு நடித்துக்காட்டுவார். மீன் முள்ளைக் கண்டு மிரண்ட வெள்ளைக்காரர், கப்பைக் கிழங்கைக் கையால் தின்று பார்த்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்த சீமாட்டி. உலகமே எங்கள் ஒற்றை அறைக்குள் வந்து போகும். வெளியூர் விடுதியில் படுத்திருக்கும் எனக்கு இன்றும் வேண்டியிருப்பது அந்தக் குரல்தான்.

கொரோனாவில் ஓட்டலை மூடினார்கள். கொரோனா அடங்கிய பிறகும் திறக்கவில்லை. விருந்தாளிகள் எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோயிற்று. அப்பா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பார், எழுந்திருக்க மாட்டார். பக்கத்திலேயே இருக்கிற அப்பாவுக்காக நான் ஏங்கிக் கிடந்தேன்.

அப்போதுதான் ஓட்டல் தொழிலாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று எங்களைத் தேடி வந்தது. அரிசி, பருப்பு கொடுத்தார்கள். வீட்டு வாடகையையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் தொழிலாளிகள் எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மா அப்பாவை விடாப்பிடியாக எழுப்பிக் குளிக்கவைத்து அனுப்பினாள். நானும் போனேன்.

அங்கே பெரிய கூத்தாகிவிட்டது. பரிமாறியவர்கள் காலேஜ் பிள்ளைகள். இலையில் உட்கார்ந்தவர்களோ ஆயுசெல்லாம் பரிமாறிப் பழகியவர்கள். ஊறுகாயை இலையின் நடுவில் வைத்ததைப் பார்த்து ஒருவர் பல்லைக் கடித்தார். சாம்பார் கொண்டுவந்த பெண்ணின் கை நடுங்கியதும் பாதிப் பேர் எழுந்து வாளியைப் பிடிக்கப் போனார்கள். அப்பாவும் எழுந்தார்.

"சேட்டா, இரிக்கணும். இன்னு ஞங்ஙள் விளம்பாம்" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். இன்று நாங்கள்தான் பரிமாறுவோம் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகே அப்பா உட்கார்ந்தார். அவள் சோறு வைத்தபோது இரண்டு கையாலும் இலையைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் உள்ளறையில் ஒரு சேச்சி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். உள்ளே போன அப்பா வெகுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "எங்கப்பாவ எதுக்கு வழக்கு பறயறீங்க?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் திட்டுவதை அப்படித்தான் சொல்வோம்.

சேச்சி பதறிப்போய், "அய்யோ, இல்ல மோளே" என்றார். அப்பா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. "வழக்கு பறயட்டும்டி, எனக்கு வேணும்" என்றார்.

அதன் பிறகு வாராவாரம் அப்பா அந்தச் சேச்சியிடம் மனம்விட்டுப் பேசப் போனார். ஒவ்வொரு முறையும் அம்மா என்னையும் கூட அனுப்பினாள். விளையாட்டை விட்டுவிட்டு நான் எதற்கு என்று சிணுங்கினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வைப்பின் தீவுக்குப் படகு புறப்படும் ஜெட்டித் துறை வழியாகத்தான் போகவேண்டும்.

"ஜெட்டி தாண்டற வரைக்கும் அப்பா கைய விடாத. கேட்டியா?" என்று என்னை மிரட்டுவாள்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த நான் அதில் விழுந்துவிடுவேன் என்று அம்மாவுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டே, அப்பாவின் கையைப் பிடித்தபடி நடப்பேன்.