யாருக்கும் பாதிப்பில்லை

502 என்ற எண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் நான் முதலில் மணியைத்தான் பார்க்கிறேன். இணையதளத்தைத் திறக்கும்போது அந்த எண் வந்தால், வாசலில் நிற்பவனுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று பொருள். அந்த வாசலைக் காப்பதுதான் என் பிழைப்பு.

சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரி. அதன் மாணவர் சேர்க்கை மென்பொருளை வேறொரு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அது இரண்டு சர்வர்களில் ஓடும். வெளியாட்கள் நேராக அவற்றைத் தொட முடியாது. முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று ஒன்று நிற்கும். வருகிறவர் கேட்பதை வாங்கி உள்ளே கொடுக்கும், உள்ளேயிருந்து வரும் பதிலை வாங்கி வெளியே கொடுக்கும். உள்ளே பேசும் பேச்சும் பூட்டுப் போட்ட பேச்சுதான். எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று சான்றிதழைக் கேட்டுப் பார்த்து, திருப்தியான பிறகே ப்ராக்ஸி வாயைத் திறக்கும். இந்த ஏற்பாடு முழுக்க நான் செய்தது. சேலத்துக்கு மேலே மலையில், கிளியூர் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அந்த வருடப் புதுப்பிப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வீட்டை ஒட்டிய எஸ்டேட்டுக்குச் செம்மநத்தத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர், பிறகு வேலி ஓரமாக நின்று பேசிவிட்டுப் போகிறவரானார். அவருடைய மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நான் வேலை பார்க்கும் அதே கல்லூரியில் கட்டணமில்லாத இடங்கள் சில உண்டு. அதில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. விண்ணப்பம் போடச் சொன்னதே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இடத்தை உறுதி செய்யக் கடைசி நாளில் மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. சாதிச் சான்றிதழ் அன்று காலைதான் அவர்கள் கைக்கு வந்தது. அதைப் பதிவேற்றி, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் வேலை முடிந்தது. ஊரில் சிக்னல் சரியில்லை என்று இருவரும் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மகள் தலை சீவி, பள்ளிக்கூட ஐடி கார்டைக்கூடக் கையில் வைத்திருந்தாள்.

லேப்டாப்பில் தளத்தைத் திறந்தேன். 502.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆயிரம் தடவை பார்த்த எண். "ஒரு நிமிஷம் கண்ணு" என்று சொல்லிவிட்டு ப்ராக்ஸியை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். அதே 502. பின்னால் இருந்த இரண்டு சர்வர்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ப்ராக்ஸியின் பதிவேட்டில் மட்டும், எதிரில் உள்ளவரின் சான்றிதழ் காலாவதி என்று வரிக்கு வரி எழுதியிருந்தது.

சான்றிதழ்களை எடுத்துத் தேதி பார்த்தேன். இரண்டுக்கும் இன்னும் எட்டு மாதம் ஆயுள் இருந்தது. வெளிவாசல் சான்றிதழும் சரி. கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதோ என்று பார்த்தேன், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்க, அது மட்டும் காலாவதி காலாவதி என்று சாதித்தது. எனக்குக் கோபம் ஏறத் தொடங்கியது.

கல்லூரியின் நிர்வாக அலுவலர் போன் செய்தார். "மேடம், சைட் வரலைன்னு ரெண்டு பேர் கூப்பிட்டாங்க."

"தெரியும் சார். பத்து நிமிஷம்."

அப்போது மணி ஒன்று பத்து. அக்கா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"ஏனுங்க, ஒன்றரை பஸ்ஸுக்கு நாங்க நேராவே சேலம் போயிட்டு வந்துரட்டுங்களா? காலேஜ் ஆபீஸ்ல பேப்பராக் குடுத்தாலும் அஞ்சு மணி வரைக்கும் வாங்கிக்கறாங்களாமுங்க."

"எதுக்குக்கா இந்த மழைச்சாரல்ல அலையறீங்க? சின்னப் பிரச்சினைதான். பத்து நிமிஷத்துல சரியாயிடும், உக்காருங்க."

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. என்ன கோளாறு என்று தெரியாது, எங்கே என்று தெரியாது, எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது. பத்து நிமிஷம் என்பது எங்கள் தொழிலில் வாயில் தானாக வருவது. அலுவலருக்குச் சொன்னதை அப்படியே அவர்களுக்கும் சொன்னேன். அலுவலர் அதை நம்பவில்லை. அவர்கள் நம்பினார்கள்.

சரிபார்ப்பதை நிறுத்திவிடும் ஒரு வரி உண்டு. அதை எழுதினால் யார் எவரென்று கேட்காமலே ப்ராக்ஸி உள்ளே பேசத் தொடங்கிவிடும், தளம் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். மூன்று தடவை அந்த வரியை அடித்து மூன்று தடவையும் அழித்தேன். அந்த வழியாகப் போவதெல்லாம் பிள்ளைகளின் ஆதார் எண், மதிப்பெண் பட்டியல், அப்பன் ஆத்தாள் போன் நம்பர். அந்த வரியை எழுதியவர்களை எத்தனையோ கூட்டங்களில் நானே வறுத்தெடுத்திருக்கிறேன். எழுதாதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது சரியாக இருந்ததால் அன்றைக்கு யாருக்கும் ஒரு நன்மையும் வரவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பிராட்பேண்டும் அதோடு போனது. போனிலிருந்து இணைப்பு எடுக்க, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான சமையலறை ஜன்னலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அரிசி டப்பா மேல் அதை வைத்து, நின்றுகொண்டே வேலை செய்தேன். அடுத்து நான் செய்ததை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கும். சான்றிதழ்தானே சண்டை போடுகிறது, புதிதாகவே போட்டுக் கொடுத்துவிடுவோம் என்று இரண்டு சர்வர்களுக்கும் புதுச் சான்றிதழ் தயாரித்தேன். சிக்னல் வந்து வந்து போனதில் அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏற்றி, ப்ராக்ஸியை மறுபடி ஓட்டினேன்.

காலாவதி. இன்றைக்கு, இப்போது, என் கையால் செய்த சான்றிதழ் காலாவதி!

வாய்விட்டே ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். கூடத்திலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. காலையிலிருந்து மூவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு ஒரு டீயாவது போட்டுக் கொடுத்திருக்கலாம். அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்றும் அது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாற்பதுக்கு அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இந்த முறை என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

"மூணே முக்கா பஸ் இருக்குதுங்க. நாங்க போயிப் பாக்கறமுங்க. நீங்க நொம்ப சிரமப்படறீங்க."

"சரிக்கா, சரியானதும் கூப்பிடறேன்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்கள் போய் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். உள்ளே இருக்கும் சர்வர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது வெளி நிறுவனம் எதுவும் இல்லை. நாமே ஒரு ரூட் சான்றிதழை உண்டாக்கி, அதை வைத்து மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். அந்த ரூட்டுக்கும் ஒரு ஆயுள் உண்டு. அமைத்த அன்று அதற்கு மூன்று வருடம் கொடுத்திருந்தேன். இந்த மலையில் மூன்று வருடம் இருக்க மாட்டேன் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம், எனக்குப் பிறகு வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். அந்த மூன்று வருடம் அன்று நண்பகலோடு முடிந்திருந்தது. காலாவதியான கையெழுத்தை வைத்துத்தான் ஒன்றரை மணி நேரமாகப் புதுச் சான்றிதழ்களைப் போட்டுத் தள்ளியிருக்கிறேன்.

புது ரூட் உண்டாக்கி, அதை வைத்து இரண்டு சர்வர்களுக்கும் கையெழுத்துப் போட்டு, ப்ராக்ஸிக்கும் அதை அறிமுகப்படுத்தினேன். நான்கு முப்பத்தெட்டுக்குத் தளம் எழுந்தது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. உடனே அலுவலர் போன்.

"வந்துருச்சு மேடம். கடைசி நேரத்தை நீட்டிக்கணுமா? நீங்க சொன்னா மேலிடத்துல கேட்டு ஒரு மணி நேரம் தள்ளிரலாம். இல்லைன்னா ரெண்டு வரி மெயில் போடுங்க, அஞ்சு மணியோட மூடிடறேன்."

நீட்டிக்க வேண்டுமென்றால் ஏன் என்று எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தளம் படுத்துக் கிடந்தது, காரணம் என் கவனக்குறைவு என்று எழுத வேண்டும். மூன்று வாரத்தில் ஒப்பந்தம். யோசித்து எழுதியதாகக்கூடச் சொல்ல முடியாது. இப்படி எத்தனையோ மெயில்கள் எழுதிப் பழகிய கை அது, தானாக அடித்தது: சிறு தடங்கல் சரிசெய்யப்பட்டது, விண்ணப்பதாரர் யாருக்கும் பாதிப்பில்லை, நேர நீட்டிப்பு தேவையில்லை.

அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது கூடத்து நாற்காலியில் அந்த ஐடி கார்டு கிடந்தது.

ஓடிப்போய் அவள் விண்ணப்பத்தைத் திறந்தேன். வந்ததுமே படமெடுத்து வைத்திருந்த சாதிச் சான்றிதழ் என்னிடம் இருந்தது, அதை ஏற்றி உறுதி செய் என்பதை அழுத்தினேன். ஓடிபி அவர்களுடைய போனுக்குப் போனது. கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டேன். மலைப்பாதை வளைவுகளில் எந்த போனும் எடுக்காது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். மென்பொருள் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன், ஓடிபி இல்லாமல் அவனாலும் ஒன்றும் செய்ய முடியாதாம். நான்கு ஐம்பது. நான்கு ஐம்பத்தைந்து. சாமி, அந்த போன் ஒரே ஒரு தடவை அடிக்கட்டும் என்று வாய்விட்டு வேண்டினேன். ஐந்து மணிக்குத் திரையில் சேர்க்கை முடிந்தது என்று வந்தது. நான் காத்துவந்த வாசல்தான் அதை எனக்குச் சொன்னது.

ஐந்தே முக்காலுக்கு அக்காவே கூப்பிட்டார். ஒரு வளைவில் லாரி திரும்ப முடியாமல் நின்று, பஸ் அரை மணி நேரத்துக்கு மேல் நகரவில்லையாம். "கேட்டுல வாட்ச்மேன் முடிஞ்சு போச்சுங்கறாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

அலுவலரைக் கூப்பிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். ரூட் சான்றிதழ், என் தவறு, நான்கு மணி நேரம், கேட்டில் நிற்கும் பெண்.

"மேடம், உங்க மெயிலை வச்சுத்தானே மூடினோம். அந்த இடம் காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த பிள்ளைக்குப் போயாச்சு. அவங்க வீட்டுக்கு மெசேஜும் போயிருச்சு. அங்கேயும் இந்நேரம் சந்தோஷப்பட்டுக்கிட்டிருப்பாங்க. எப்படிப் பிடுங்கறது சொல்லுங்க?"

இரண்டாவது மெயிலும் எழுதினேன், ஒருவர் பாதிக்கப்பட்டார், காரணம் நான் என்று. அதற்குப் பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒப்பந்தம் வழக்கம்போலப் புதுப்பிக்கப்பட்டது. யாராவது என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் மறுநாள் என்று தள்ளிப்போட்டு, மூன்றாம் நாள் காலையில் ஸ்கூட்டரில் செம்மநத்தம் போனேன். அக்கா வாசலிலேயே இருந்தார். "வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க, டீ குடிக்கறீங்களா?" என்றார். மகள் அம்மாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு நின்றாள். எஸ்டேட்டில் களை வெட்டு நடந்துகொண்டிருந்தது. கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் அன்றைய ஆட்களின் பேர் எழுதுவதற்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

நின்றபடியே இரண்டு மெயிலையும் பற்றிச் சொன்னேன். தொழில் வார்த்தை ஒன்றும் போடாமல், நீட்டிக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், யாருக்கும் பாதிப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். அக்கா கையில் இருந்த டம்ளரைத் திண்டின் மேல் வைத்தார்.

"ஒன்றரை பஸ்ஸுக்கே போறமுன்னு சொன்னமுங்களே" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மகள்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கக்கா, அந்த மொதல் லெட்டர் எழுதறப்ப என்னைய மறந்துட்டீங்களா?"

பழக்கதோஷம் என்று சொல்லியிருக்கலாம். பதற்றம் என்றும், ஒப்பந்தம் என்றும், பசி என்றும் சொல்லியிருக்கலாம். அத்தனையும் உண்மைதான்.

"ஆமா கண்ணு," என்றேன், "மறந்துட்டேன்."

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் பாதையில் இறங்கிப் போனாள்.