கமராவுக்குள்ளிருந்து வந்த குரல்

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூன்று வயது மகளை அங்கிருந்தே பார்த்துப் பேசுவதற்காக, காத்தான்குடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு வைஃபை கமரா வாங்கச் சொன்னார். அதைச் சுவரில் பூட்ட வந்தவர் புறப்படும்போது, "டிஃபோல்ட் பாஸ்வேர்டை மறக்காம மாத்திருங்க ராத்தா" என்றார். அது என்னவென்று கேட்க வெட்கப்பட்டு, "ஓம்" என்று தலையாட்டிவிட்டேன்.

ஒருநாள் பகல் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அறைக்குள் மகள் சிரித்துப் பேசுவது கேட்டது.

"யாரோட மகள் கதைக்கிறீங்க?"

"வாப்பாவோட."

எட்டிப் பார்த்தேன். கமராவிலிருந்து ஓர் ஆண்குரல், "உம்மா எங்க?" என்று அவளிடம் கேட்டது. அது என் கணவரின் குரல் இல்லை.

வயரைப் பிடுங்கி எறிந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு கணவருக்குக் கோல் எடுத்தேன்.

"நான் வேலையில நிக்கிறன். இண்டைக்குக் கமராவைத் திறக்கவே இல்லையே" என்றார்.

கமரா பூட்டியவரை வரவழைத்தேன். "கொம்பனி போட்டு வந்த பாஸ்வேர்டே கிடக்கு ராத்தா. அது ஊர் உலகத்துக்கே தெரியும், யாரும் அதைப் போட்டுக் கமராவுக்குள்ள வரலாம்" என்று சொல்லி, புதியதை என்னையே போடவைத்தார்.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. எத்தனை நாளாகப் பேசினான் என்று மகளிடம் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருந்தால் அரை நிமிடம்தான் வெட்கப்பட்டிருப்பேன்.