மாயவன் மாட்டிய கதவு

மேரிசெல்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆட்களைப் பார்ப்பதில்லை. கதவின் அடிவிளிம்பைப் பார்ப்பாள். தரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பென்சில் புகுமா, பக்கவாட்டில் தீக்குச்சி கனத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களா, கீலில் முடுக்கியிருப்பது இரும்பு ஸ்க்ரூவா எவர்சில்வர் ஸ்க்ரூவா என்று கண் தானாகவே ஓடும். மரக்காணத்தில் இரும்பு ஸ்க்ரூவை நம்பிக் கதவு மாட்டக் கூடாது. உப்பளத்துக் காற்று அதன் தலையைத் தின்றுவிடும். பிறகு கழற்ற நினைத்தால் ஸ்க்ரூடிரைவருக்குப் பிடிமானம் இருக்காது.

உப்பு வாரும் குடும்பத்தில் பிறந்தவள். ஆரோவில்லில் ஒரு தச்சுப் பட்டறையைப் பெருக்கித் துடைக்கப் போனாள். பெருக்கும்போது மரச்சீவலைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். ஒரே கனத்தில் நீளமாக விழுந்த சீவல் யாருடைய மேசையில் கிடக்கிறது, தூளாக உதிர்ந்தது யாருடைய மேசையில் என்று பார்த்துப் பார்த்தே இழைப்புளியின் அலகை எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். பலகைத் தரை போடும்போது சுவரோடு ஒட்டாமல் சுற்றிலும் சந்து விட வேண்டும், மழைக்காலத்தில் பலகை ஊதினால் அதற்குப் போக இடம் வேண்டும் என்பதையும் அப்படித்தான் கற்றாள். பெருக்க வந்தவள் கதவு மாட்டுகிறவளானாள். பிறகு ஊர்ப் பக்கமே வேலை கிடைக்கிறது என்று மரக்காணத்தில் மாயவன் மேஸ்திரியிடம் சேர்ந்தாள்.

அங்கேதான் அவள் பெயர் கெட்டது.

ஆராயி என்பவர் வீட்டில் வேலை. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கட்டிய வீடு. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. சமையலறையில் அலமாரி மாட்ட வேண்டிய இடத்தை மேரிசெல்வி டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தாள். கெட்டியான சத்தம் வரவில்லை.

“மேஸ்திரி, இங்க பிளக்கு நிக்காது. பூச்சு பொதபொதன்னு இருக்குது. ஓட்டைய செங்கல் வரைக்கும் கொண்டு போவணும். இல்லன்னா நீட்டா ஒரு ரீப்பர் கட்டைய நாலஞ்சு எடத்துல புடிச்சு, அது மேல அலமாரிய மாட்டலாம்” என்றாள்.

“நீ போயி ஒங்கதவப் பாரும்மா. எனக்கு நீ பாடம் எடுக்காத” என்றான் மாயவன்.

அவள் பின்கதவை மாட்டப் போய்விட்டாள். மாயவன் பூச்சோடு நிற்கிற அளவுக்கு ஓட்டை போட்டான். ஓட்டை பெரிதாகிவிட்டதும் பிளக்கோடு தீக்குச்சிகளைச் சொருகி ஸ்க்ரூவை முடுக்கினான். ஆராயி அதில் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கினார். சில நாளிலேயே அலமாரி பூச்சோடு பெயர்ந்து அவர் மேல் விழுந்தது. வலது மணிக்கட்டு உடைந்தது. பிறகு கூடினாலும் கோணலாகவே நின்றுவிட்டது.

மாயவன் தெருவில் நின்று அவளைத் திட்டியிருந்தால்கூடச் சிலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவன் திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டான்.

“பொம்பளைய நம்பி டிரில்லக் குடுத்தேனே, என் தப்புதாங்க” என்றான்.

ஊர் நம்பியது. மேரிசெல்வி ஆராயி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லப் பார்த்தாள். ஆராயி அவளைக் கண்டதும் பின்கதவைச் சாத்தினார். அவள் மாட்டிய கதவு. எங்கும் உரசாமல், சத்தமே இல்லாமல் மூடியது.

அதற்குப் பிறகு அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தெய்வசிகாமணி என்பவரின் உப்பளத்தில் உப்பு வாரப் போனாள். உளி பட்ட பழைய வெட்டுகளில் உப்புத் தண்ணீர் ஏறும்போதெல்லாம் மாயவன் முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அலமாரியை அடித்தது நான்தான் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை ஆராயி கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து ஜெபம் சொல்வாள். பிறரை மன்னிப்பதைப் பற்றிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

தெய்வசிகாமணி புது வீடு கட்டினார். மரவேலை முழுவதும் மாயவனுக்கு. சித்திரை வெயிலில் அந்தப் புது வீட்டில் வைத்து உப்பள ஆட்களுக்கு மோர் கொடுத்தார்கள். மேரிசெல்வியும் போனாள். மகள் பிரியதர்ஷினியின் ஏசி அறைக்கு மாயவன் அப்போதுதான் கதவு மாட்டி முடித்திருந்தான்.

“பாருங்க மொதலாளி, ஒரு காயிதம்கூட பூராது. கூலிங் கொஞ்சமும் வெளிய போவாது” என்று கதவைச் சாத்திக் காட்டினான். முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி.

மேரிசெல்வி பார்த்தாள். வேப்பம்பலகை, கோடையில் காய்ந்து சுருங்கி நிற்கும்போதே நிலையோடு ஒட்டியிருக்கிறது. டைல் போடுவதற்கு முன்பே அளவெடுத்திருக்கிறான். அதனால் அடிவிளிம்பைப் பிறகு அவசரமாகச் சீவியிருக்கிறான். சீவின இடத்தில் வார்னிஷ் இல்லை. குளியலறை அதே அறைக்குள். ஈரத்தையெல்லாம் அந்த வெறும் மரம் குடிக்கப் போகிறது. கீல்களில் இரும்பு ஸ்க்ரூ.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில்லை. அந்த வருஷம் அவள் வேண்டிக்கொண்டாள்.

ஐப்பசியில் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம். பெருமுக்கல் மலைக்கோயிலில் தாலி கட்டு. நாலு நாளாக விடாத மழை. கல்யாணத்தன்று காலையில் மேரிசெல்வியின் போன் அடித்தது. முதலாளியின் மனைவி கலைமதி.

“மேரி, ஒடனே வாம்மா. பாப்பா குளிச்சிட்டு கதவ அடிச்சி சாத்திட்டா. இப்ப தொறக்க வரல. வேன் நிக்குது. இந்த மழைல வேற ஆசாரி யாரும் கெடைக்கல.”

“மாயவன் மேஸ்திரி அங்கதான் இருக்காரா?”

“இருக்காரு. தோளால முட்டிக்கினு இருக்காரு.”

“அவர எங்கயும் அனுப்பிடாதீங்கம்மா. வர்றேன்.”

பையை எடுத்துக்கொண்டு போனாள். அறை வாசலில் கூட்டம். முன்வரிசையில் ஆராயி, தெய்வசிகாமணிக்குத் தூரத்து உறவு. மாயவன் பட்டுக்கரை வேட்டியில் வியர்த்து நின்றான். ஒருவர், “ஒடைச்சிடலாம்பா” என்றார். “கல்யாணத்தன்னிக்குக் கதவ ஒடைக்கிறதா? நல்லா இருக்குதே!” என்று கலைமதி சண்டைக்கு வந்தார்.

மேரிசெல்வி கதவைத் தொடவில்லை. வெளியே சுற்றிப் போய் அந்த அறையின் ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்குப் பின்னால் பிரியதர்ஷினி கூரைப்புடவையில், கண் கலங்கி நின்றாள்.

“அழாத பாப்பா, மை கரையும். கீலு ஒம்பக்கம் இருக்குது. ஸ்க்ரூவப் பாரு.”

“தலையே இல்லக்கா. துருவா கொட்டுது.”

அப்படியென்றால் கீலைக் கழற்ற வழியில்லை. மேரிசெல்வி ஒரு கல்யாணப் பத்திரிகையை வாங்கிக் கம்பி வழியாக நீட்டினாள்.

“இத கதவு சந்துல வுட்டு சுத்தி இழுத்துக்கினே வா. எங்க மாட்டுதுன்னு சொல்லு.”

பத்திரிகை மேலே கொஞ்சம் போனது, பக்கத்தில் சிரமப்பட்டுப் போனது, தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலையில் கிழிந்தே போனது. மேல்கீல் தளர்ந்து கதவு தொங்கி, ஊதிய மூலை டைலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாதிரிக் கதவை நடுவில் முட்டினால் பலகை வளையுமே தவிர மூலை நகராது. மூலையைத் தூக்க வேண்டும், தூக்கின அதே நேரத்தில் கதவை உள்ளே தள்ள வேண்டும்.

உள்ளே வந்து தட்டை உளியை அந்த மூலையின் அடியில் மெதுவாக அடித்து நுழைத்தாள். உளி பிடித்த சந்தில் பட்டைக் கம்பியைக் கொடுத்து, கீழே ஒரு கட்டையை வைத்தாள்.

“மேஸ்திரி, முட்டி போடுங்க.”

“நானா?”

“கம்பிய அழுத்த ஆளு வேணும். கதவு நீங்க மாட்டினது. அதோட கனம் ஒங்களுக்குத்தான தெரியும்.”

யாரோ சிரித்தார்கள். மாயவன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஈரத்தரையில் முட்டி போட்டுக் கம்பியைப் பிடித்தான்.

“இருங்க. அழுத்தாதீங்க. ஆராயிக்கா வீட்டு அலமாரிய யாரு அடிச்சது?”

மாயவன் அண்ணாந்து பார்த்தான். “இப்ப எதுக்கும்மா அது?”

“ஏம்மா, நேரம் போவுது! பஞ்சாயத்த அப்புறம் வச்சிக்கலாம்” என்றார் தெய்வசிகாமணி.

“அப்புறம் எனக்கு யாரு மொதலாளி இவ்ளோ ஆளு கூட்டித் தருவாங்க? நான் தள்ளினாத்தான் கதவு போவும். அவரு சொல்லட்டும், தள்றேன்.”

உள்ளேயிருந்து பிரியதர்ஷினியின் குரல் வந்தது. “யோவ் மேஸ்திரி, சொல்லித் தொலையேன்யா! மாப்ள வீட்டுல மலையேறிட்டாங்களாம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாயவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நாந்தான்” என்றான்.

“ஆராயிக்காவுக்குக் கேக்கல.”

“நாந்தாம்மா அடிச்சேன்! வெறும் பூச்சுல அடிச்சேன். இவ பின்கதவாண்ட இருந்தா. டிரில்லத் தொடவே இல்ல. போதுமா?”

ஆராயி கோணல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். “அடப்பாவி! ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு பன்னு நனைச்சி ஊட்டினியேடா!”

“அழுத்துங்க மேஸ்திரி” என்றாள் மேரிசெல்வி.

கம்பி தாழ்ந்தது. மூலை மயிரிழை எழும்பியது. அவள் தாழ்ப்பாளுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கதவு ஒரு கிறீச்சலோடு உள்ளே போனது. பிரியதர்ஷினி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வேன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

மேரிசெல்வி கோயிலுக்குப் போகவில்லை. துருப்பிடித்த ஸ்க்ரூக்களை ஹாக்சா பிளேடால் அறுத்துக் கதவை இறக்கினாள். மாயவனும் போகவில்லை. கதவைத் தூக்கிப் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டுபோகக் கை வைத்தான்.

“அங்க வேணாம், ஒழுகுது. ஹால்ல சாத்துங்க.”

ஹாலில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரில், வார்னிஷ் படாத அடிவிளிம்பும் துருத் தடங்களும் வெளியே தெரிகிறபடி சாத்த வைத்தாள். தாலி கட்டி முடிந்து வந்த தெய்வசிகாமணிக்கு அது பிடிக்கவில்லை.

“இன்னிக்கே இழைச்சி மாட்டிட முடியாதா?”

“ஈரத்துல இழைச்சா கோடைல சந்து வுழும் மொதலாளி. காயட்டும். தையில இழைச்சி, நாலு விளிம்புக்கும் வார்னிஷ் அடிச்சி மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் இங்கியே நிக்கட்டும். நேரா நின்னாத்தான் கோணாது.”

சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கே அளவாக இழைத்து மாட்டியிருக்கலாம்; மழைக்காலத்தில் சரியாக மூடுகிற கதவு கோடையில் கொஞ்சம் சந்து காட்டும், அவ்வளவுதான். தச்சு வேலை தெரிந்தவர்கள் இரண்டு வழியும் சரி என்பார்கள். அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

பிரியதர்ஷினியின் அறைக்குத் திரைச்சீலை கட்டினார்கள். மறுவீட்டு விருந்துக்கு வந்தவர்கள் கதவைக் காட்டி என்ன என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு வந்தவர்கள் கேட்டார்கள். கலைமதி ஒவ்வொருவருக்கும் மாயவன் பெயரில் ஆரம்பித்து ஆராயியின் மணிக்கட்டு வரை சொல்லி முடித்தார். மேரிசெல்விக்குப் பழையபடி வேலை வந்தது. முதலில் கூப்பிட்டது ஆராயி. அலமாரியை ரீப்பர் கட்டையில் மாட்டிக் கொடுத்தாள்.

தை பிறந்தது. மாயவன் அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றான். “மேரி, அந்தக் கதவ மாட்டிடும்மா. போறவன் வர்றவன்லாம் கேக்குறான்.”

அவள் இழைப்புளியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். அடிவிளிம்பில் விரலை ஓட்டினாள். மரம் நன்றாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் மாயவன் காத்து நின்றான்.

“இன்னும் ஈரம் இருக்குது மேஸ்திரி. மாசி பொறக்கட்டும்” என்றாள்.