மாமரக் கவட்டில் கிடந்த கத்தி

மரம் அறுக்கும் மரக்காலைக்காரர் கொடிகாமத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது நான் பாடம் முடித்து வகுப்பை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன்.

"டீச்சர், உங்கடை மாமரத்துக்கை இரும்பு கிடக்கு. என்ரை அறுக்கிற வாளின்ரை பல்லெல்லாம் உடைஞ்சு போட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

எங்கள் பக்கத்தில் இது பெரிய புதினமில்லை. சண்டைக்காலத்து மரங்களுக்குள் வெடித்த செல் துண்டும் துவக்குச் சன்னமும் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மரக்காலையில் மரம் எடுப்பார்கள். ஆழத்தில் கிடந்தால் காந்தத்துக்கும் பிடிபடாது. எங்கள் வீட்டு மாமரம் மார்கழிக் காற்றில் கவட்டோடு பிளந்து கூரையை உடைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெட்டி அனுப்பியிருந்தோம். ஒரு செல் துண்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல் துண்டு இல்லை. கவட்டுக் குற்றியைப் பிளந்து வைத்திருந்தார்கள். நடுவே மரம் கறுத்துப்போய் ஒரு பள்ளம். அதிலிருந்து எடுத்ததைச் சாக்கில் வைத்து என்னிடம் தந்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு. துரு பொருக்குப் பொருக்காகக் கிடந்தது. ஆனாலும் அது கத்தி என்று தெரிந்தது. கைப்பிடி தொடங்கும் இடத்தில் ஒரு வளையம் இருந்தது.

துவக்குக் குழலின் முனையில் மாட்டும் வளையம் அது என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

நான் ஏழாம் வகுப்புப் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு படை முகாம் போட்டிருந்தது. எங்கள் ஊரில் ஒன்றின் பின் ஒன்றாகப் படைகள் வந்து போயிருக்கின்றன. இது எந்தப் படை என்று நான் எழுதப் போவதில்லை. ஒருநாள் அவர்களில் ஒருவனுடைய துவக்குக் கத்தி காணாமல் போய்விட்டது. ஒழுங்கையில் இருந்த ஆண்களையெல்லாம் பிடித்து வெயிலில் இருத்தினார்கள். கத்தி கடைசியாக எங்கள் வீட்டு வளவில்தான் இருந்தது என்று சொல்லி அப்பாவைத் தனியே கொண்டுபோய் அடித்தார்கள். அன்று போன ஒரு காது அவருக்குத் திரும்பிக் கேட்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு வலது கை முறிந்தது. அவன் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவன். எழுதவில்லை. கை கோணலாகவே பொருந்திவிட்டது.

அந்தப் பெடியனின் தாய் எங்கள் வாசல் படலையில் நின்று கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. "நீங்கள் எடுத்து ஒளிச்சுப்போட்டு இருக்கிறியள். அடி வாங்கினது என்ரை பிள்ளை." அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. நல்லது கெட்டது ஒன்றுக்கும் போக்குவரத்தில்லை.

அப்பா ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தார்: நான் எடுக்கேல்லை. ஒருநாள் குசினியில் அம்மா மெதுவாகக் கேட்டார். "உண்மையா நீங்கள் எடுக்கேல்லையோ?" அப்பா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் அதைப் பார்த்தேன். அப்பா சாகும்வரை அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வளவில், எங்கள் மரத்துக்குள், ஒரு கத்தி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் கணவரின் முகம் மாறியது. "நீர் உதை ஏன் கொண்டந்தனீர்? பொலிசுக்குத் தெரிஞ்சால் கரைச்சல். நாளைக்கே கொண்டுபோய்க் கடலுக்கை எறிவம்."

"எறியேலாது," என்றேன். "உது என்னெண்டு முதல் எனக்குத் தெரியவேணும்."

"தெரிஞ்சு? மாமா எடுத்தது எண்டு தெரிஞ்சால் என்ன செய்யப்போறீர்?"

"அப்பிடியெண்டாலும் தெரியவேணும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் பயந்தார். ஆனால் நான் விடுவதாக இல்லை. கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பழைய பற்தூரிகையால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அரத்தாள் போடவில்லை. எழுத்து ஏதும் இருந்தால் அழிந்துவிடும். கிழமை முடிவில் அலகின் அடியில் ஒரு அம்புக்குறி தெரிந்தது. அதன் பக்கத்தில் பாதி அழிந்த எழுத்துகளும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் இருந்தன.

பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்த வேணியர் இடுக்கியால் வளையத்தின் உள்விட்டத்தை அளந்தேன். துவக்கின் குழல் முனை அந்த வளையத்துக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு வகைத் துவக்குக்கும் குழலின் தடிப்பு வேறு. ஊரில் இருந்த படைகள் எந்தெந்தத் துவக்கு வைத்திருந்தன என்பது என் வயதுக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். பழைய ஆயுதங்கள் சேர்ப்பவர்களின் இணையப் பக்கங்களைத் தேடி, அளவையும் அலகின் வளைவையும் குறியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு வகை பொருந்தவில்லை. மூன்றாவது பொருந்தியது. இது அந்தப் படையின் கத்திதான். காணாமல் போன கத்திதான்.

பொருந்தாமல் போக வேண்டும் என்றுதான் அளக்கத் தொடங்கியிருக்கிறேன் என்பது பொருந்திய பிறகே எனக்கு விளங்கியது.

இனி உயரம். மரம் வளர்ந்தாலும் கவடு மேலே போவதில்லை. மரம் நுனியில்தான் நீளுகிறது. தண்டில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். இதை நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். மரக்காலையில் குற்றிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது கவடு இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. அன்றும் அதே உயரம்தான். யாரோ ஏறித்தான் வைத்திருக்க வேண்டும். ஒளிப்பதற்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வளவில் இல்லை. அப்பா மரம் ஏறுவார்.

கணவர் இப்போது வேறு வழி சொன்னார். "சரி, எறியாட்டில் வில்லும். பழைய சாமானுக்கு இப்ப விலை இருக்கு." அது என்ன பெறும் என்று தெரிந்துகொள்வதும் நல்லதென்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார்.

"பிடி சிதைஞ்சு போச்சு, உறை இல்லை, அலகு அரிச்சிட்டுது. உதுகள் ஆயிரக்கணக்கிலை செய்து விட்டது. சும்மா குடுத்தால் இரும்பு விலைதான், டீச்சர். எங்கை எடுத்தனீங்கள்?"

காற்றில் கூரைமேல் சாய்ந்த மரத்துக்குள் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மரக்குற்றி இருக்கோ? ரண்டு பக்கமும் பிளந்தபடி, நடுவிலை கத்தியை வைச்சு, கீழை ரண்டு வரி எழுதி விட்டால், நல்ல காசுக்கு எடுக்க ஆள் இருக்கு. உங்கடை கூரை வேலை முடிக்கலாம்."

"என்ன எழுதுவியள்?"

"ஆர் ஒளிச்சது, ஏன் ஒளிச்சது எண்டு. கதை இருந்தால்தான் விலை."

கத்தியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கதை எனக்கோ அம்மாவுக்கோ தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர்களில் உயிரோடு இருப்பது ஒருவர்தான்.

கை முறிந்த அந்தப் பக்கத்து வீட்டு அண்ணை இப்போது மானிப்பாயில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். தாய் இறந்துவிட்டார். அந்தக் கடை வாசலால் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருநாளும் ஏறியதில்லை. அன்று ஏறினேன். அவர் ஒரு ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்."

பேப்பரை விரித்தேன். அவர் தொடவில்லை. குனிந்து வளையத்தைப் பார்த்தார்.

"உதோ?"

"ஓம். உதுதான். நான் அளந்து பார்த்தனான்."

"எங்கை கிடந்தது?"

"எங்கடை மாமரத்துக் கவட்டுக்கை."

அவர் முகம் இறுகியது. "அப்ப கொப்பர்தான் வைச்சிருக்கிறார்."

"அப்பா வைச்சதாயும் இருக்கலாம்," என்றேன். "அதை மறைக்க வரேல்லை. எனக்காகச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். "எந்தக் கவடு? கூரைப்பக்கம் பார்த்த பெரிய கவடோ?"

"ஓம். ரண்டு ஆள் உயரம்."

"அதிலை அவங்கடை சென்றி இருந்தது, பிள்ளை."

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் மாமரத்தில் காவலரண் எதையும் நான் பார்த்ததில்லை.

"நீங்கள் எல்லாம் உடுவிலிலை உங்கடை மாமி வீட்டிலை போய் நிண்ட நேரம்," என்றார். "கவட்டிலை பலகை போட்டு, மேலை இருந்து ரோட்டைப் பார்ப்பாங்கள். பலகை ஏத்தினது நான். என்னைத்தான் பிடிச்சுக்கொண்டுபோய் வேலை வாங்கினவங்கள். பெரிய ஆணி அடிச்சுக் கயிறு கட்டினது. நீங்கள் திரும்பி வாறதுக்கு முதலே கழட்டிப்போட்டாங்கள். பிறகுதான் கத்தியைக் காணேல்லை எண்டு தேடினவங்கள்."

"இதை ஏன் அண்ணை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? உங்கடை வீட்டோடை நாங்கள் கதைக்கிறேல்லையே. மரத்துக்கை கத்தி கிடக்கு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு அவரே சொன்னார்: "ஆனால் உது மட்டும் சாட்சிக்குப் போதாது. கொப்பர் பிறகு ஏறியும் வைச்சிருக்கலாம்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப வாங்கோ, மரத்தைப் பார்ப்பம்," என்றேன்.

அவர் கடையைச் சாத்தினார். அவருடைய ஸ்கூட்டரிலேயே கொடிகாமம் போனோம். மரக்காலையில் கவட்டுக் குற்றியின் இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் வைத்தோம். பட்டைக்கு உள்ளே, மரம் விழுங்கிய ஆணிகள் இருந்தன. ஒன்று வாளில் அறுபட்டு மினுங்கியது. இன்னொன்று கத்தி கிடந்த பள்ளத்தின் மேல்முனையில், மரத்துக்குள் இறுகி நின்றது. அதன் தலை சற்று மேல்நோக்கி வளைந்திருந்தது. அதைச் சுற்றி மரத்தில் வட்டமாக ஒரு துருக்கறை.

நான் கத்தியை எடுத்து, வளையத்தை அந்த ஆணியில் மாட்டினேன். அலகு பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

அண்ணை தன் கோணல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொழுவி வைச்சிருக்கிறான்," என்றார். "பக்கத்திலை இருக்கட்டும் எண்டு ஆணியிலை கொழுவி வைச்சிட்டு, பலகையைக் கழட்டேக்கை மறந்துபோனான். மேலை இலை. கீழை நிண்டு பார்த்தால் ஆருக்குத் தெரியும்?"

ஒளிக்கிறவன் ஆணியில் கொழுவ மாட்டான். அதுவும் காவலரணுக்கு அடித்த ஆணியில், இருந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில். நான் அழவில்லை. மரத்தூளுக்கு மேல் அப்படியே குந்திவிட்டேன். ஒருவனின் மறதிக்காக இரண்டு வீடு பட்ட பாடு.

அன்று பின்னேரம் அண்ணை என்னோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, ஆனால் கண்ட உடனே ஆளை அடையாளம் கண்டுகொண்டார். அண்ணையே அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னார். பலகை, ஆணி, வளையம், எல்லாம். சொல்லி முடிந்ததும் அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் அந்த மனுசனைக் கேட்டிருக்கக் கூடாது," என்றார் கடைசியாக. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, தேத்தண்ணி வை," என்றார்.

பழம்பொருள்காரர் இரண்டு முறை அழைத்தார். ஆணியைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், விலையைக் கூட்டினார். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. கணவர் வாளியை ஒழுக்குக்குக் கீழே நகர்த்தி வைத்தார். நான் அண்ணையிடம் கேட்டேன், அவருக்கும் அதில் உரிமை உண்டு என்பதால்.

"வித்தால் எனக்குப் பங்கு தரவேணும்," என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஹோட்டலிலை வைச்சு ஆரும் படம் எடுக்கிறதுக்கோ நாங்கள் அடி வாங்கினது? வேண்டாம் பிள்ளை. உதை ஒப்படைப்பம்."

கிராம சேவையாளருக்குச் சொல்லிவிட்டு கணவரும் அண்ணையும் நானுமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்த இளம் உத்தியோகத்தர் தென்பகுதிக்காரர். தட்டித் தடுமாறிய தமிழில், ஆனால் மரியாதையாகவே பேசினார். துருப்பிடித்த கத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இது உங்கட வீட்டு ஆள்ட கத்தியா?"

நான் வாய் திறப்பதற்கு முன் அண்ணை ஓரடி முன்னே வந்தார். "இல்லை ஐயா. அவையின்ரை இல்லை," என்றார். அங்கு காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "அவையின்ரை தகப்பன் அதை எடுக்கேல்லை. எனக்குத் தெரியும்."

உத்தியோகத்தருக்கு அதில் பாதி விளங்கியிருக்காது. தலையாட்டிவிட்டு ஒரு பொலித்தீன் பையில் அதைப் போட்டார். நாங்கள் வெளியே வந்து, எதிரே இருந்த கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.