எண்ணெய் தடவிய கருப்பட்டி

பயம் வந்தால் எனக்கு வியர்க்காது, கை நடுங்காது. வேடிக்கைப் பேச்சு வரும். என் கல்யாணத்தில் போதகர், "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது, "வேற யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டவன் நான். சபை முழுக்கச் சிரித்தது. பெண் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருடம் ஆகிறது, இன்னும் சிரிக்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் சிமெண்ட் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. போகிற போக்கில் ஒரு டீலர், "மூட்டையவே இவ்வளவு லெச்சணமா படம் பிடிச்சு அனுப்புதீரே வே, நீரு போட்டோகிராபர் ஆகியிருக்கணும்" என்றார். அவர் சொன்னதை இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான்தான். பாளையங்கோட்டையில் விளம்பரப் படம், ஸ்டூடியோ படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வருட வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நாக்கில் சுண்ணாம்புக்கட்டி வைத்துக்கொண்டு பேசுவாள். "ஒரு வருஷம் தாரேன். அதுக்குள்ள வேலை கிடைக்கலன்னா எங்க ஸ்கூல் வேன ஓட்டுங்க. டிரைவர் வேலைய விட்டுப் போகுதாராம்" என்றாள்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் இருபது வயதுக்குப் பக்கம். என் பெயர் அங்கிள். மாஸ்டர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மரியாதையாகத் திட்டுவார். "சார், சோப்புக்கு வெளிச்சம் போடச் சொன்னா, எழவு வீட்டுல தலைமாட்டுல விளக்கு ஏத்துன மாதிரி வச்சிருக்கீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களைவிடச் சத்தமாக நான் சிரிப்பேன்.

கடைசித் தேர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உண்மையான ஒரு கடைக்காரருக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அவர் அதை ஊர் பார்க்க போர்டிலோ பாக்கெட்டிலோ போட்டிருக்க வேண்டும். முதலாவதாக வருகிறவருக்கு வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் வேலை. என் வயதுக்கு அந்த வாசலை விட்டால் வேன் கதவுதான்.

உடன்குடியில் ஒரு கருப்பட்டி வியாபாரி இருந்தார். அவர் கோடவுன் கட்டியபோது சிமெண்ட் அனுப்பிய பழக்கம். "அண்ணாச்சி, கடைக்கு ஒரு போர்டு வைங்க, படம் நான் எடுத்துத் தாரேன்" என்று போய் நின்றேன். அவர் யோசித்துவிட்டு, என்னைப் பனங்காட்டுக்குள் ஒரு விடிலிக்குக் கூட்டிப்போனார். பனையோலை வேய்ந்த குடிசை; உள்ளே பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. புருஷன் பனை ஏறுகிறவர், மனைவி காய்ச்சுகிறவள். அந்தக் காட்டில் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் வாராவாரம் இவர் கடைக்குத்தான் கருப்பட்டி கொண்டுவந்து நிறுப்பார்கள்.

"நம்ம ஆளுகள்லயே சுத்தமா காய்ச்சுதது இவதான். இவ கருப்பட்டியவே எடும்" என்றார் வியாபாரி.

நான் அந்த அம்மாளைப் படம் எடுக்கப் போனேன். கையை நீட்டி மறைத்தாள். "என்ன எதுக்கு சார், கருப்பட்டிய எடுங்க." சிரட்டையில் ஊற்றி உறைந்து கிடந்ததில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, ஆறு கருப்பட்டி பொறுக்கினாள். ஓலைக்கொட்டானில் வைத்துக் கொடுத்துவிட்டு, "பாக்கக் கறுப்பாத்தான் இருக்கும். அப்படித்தான் சார் இருக்கணும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். சிமெண்ட் விற்ற காலத்தில் கொத்தனார்கள் சொல்வதற்கு ஆட்டிய அதே தலை.

வகுப்பு ஸ்டூடியோவில் அதை மேசைமேல் வைத்து விளக்குகளைப் போட்டேன். வெளிச்சம் முழுவதையும் அது வாயைத் திறந்து குடித்துவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "அங்கிள், இது கருப்பட்டியா, லாரி டயரா?" என்று கேட்டாள். "டயருதாம்மா, பஞ்சர் ஒட்டிட்டு எடுக்கேன்" என்றேன். அதாவது, பயம் வந்துவிட்டது. இருபது படம் எடுத்தேன், இருபதும் டயர்தான்.

அப்போதுதான் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. தின்னும் பொருளைக் காய்ந்த முகத்தோடு எடுக்கக் கூடாது; பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் தடவினால் வெளிச்சம் அதில் வந்து உட்காரும். அலமாரியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தடவினேன். கருப்பட்டி பட்டுச்சேலை கட்டிக்கொண்டது. படத்தைப் பார்த்த மாஸ்டர் ஒரு வருடத்தில் முதல் தடவையாக என்னைத் திட்டாமல், "இது படம்" என்றார். வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நான் கருப்பட்டியை இல்லை, என்னையே எண்ணெயில் பொரித்திருப்பேன்.

வியாபாரி கடை வாசல் வெயிலில் நின்று, செல்போனைக் கையால் மறைத்துப் பார்த்தார். "என்னத்தையோ தெரியுது. நல்லாத்தான் இருக்கும், போடும்" என்றார். கடை வாசலில் ஒன்று, திருச்செந்தூர் ரோட்டில் ஒன்று, இரண்டு போர்டு ஏறின. நான் போய் அதன் கீழே நின்று என்னையே படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் என் மனைவி பஸ்ஸில் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஒங்க போர்டப் பாத்தேன். சீனி போட்ட கருப்பட்டியவா எடுத்தீங்க?"

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும். சீனி கலந்தது பளபளக்கும். கடையில் வாங்குகிறவர்கள் உடைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான். 'என் கடையில் கலப்படம்' என்று ஆறடி உயரத்துக்கு எழுதி அவர் வாசலிலேயே மாட்டியிருக்கிறேன். வெளியூர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. இங்கேயே பிறந்து, கருப்பட்டிக் காப்பியிலேயே வளர்ந்து, அதன் பிறகு புகைப்படமும் படித்தால்தான் முடியும்.

மறுநாளே வியாபாரி கூப்பிட்டார். "வே, வாரவன் போறவன்லாம் போர்டக் காட்டிச் சிரிக்கான். நீரு அந்தக் கருப்பட்டி மேல எதையும் தடவுனீரா?"

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. தடவினேன் என்றால் போர்டைக் கழற்றுவார். போர்டு இல்லை என்றால் தேர்வு இல்லை, வண்ணார்பேட்டை இல்லை. என் கண்முன்னால் மஞ்சள் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? உள்ளத உள்ளபடி எடுத்தேன்" என்றேன்.

"அப்ப அவ சீனி போட்டுட்டா. போர்டு கெடக்கட்டும், மொதல்ல அவளப் பாக்கேன்" என்றார்.

அடுத்த நாள் நிறுவைக்கு வந்த அந்த அம்மாளை, எல்லார் முன்னாலும் கூடைகளைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். ஒரு வியாபாரி சீனி என்று சொல்லி ஒதுக்கியதை உடன்குடியில் இன்னொரு வியாபாரி தொடமாட்டார். பனை சுரக்கிற சில மாதத்தில் காய்ச்சி விற்பதுதான் அவர்களுக்கு வருடம் முழுக்கச் சோறு. இதை வியாபாரியே போன் செய்து என்னிடம் சொன்னார். "ஒரு வார்த்த பேசல பாத்துக்கிடும். தூக்கிட்டுப் போயிட்டா."

எனக்குப் பயம் வந்தது. அதனால் வாய் திறந்தது. "பேசினா அதுலயும் சீனி கெடந்திருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் திருப்பி எடுக்க முடியாதா என்று இப்போதும் பார்க்கிறேன்.

தேர்வு நடந்தது. முதலாவதாக வந்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தப் பளபளப்பு இருக்கே சார்" என்றார். வண்ணார்பேட்டை வேலை எனக்கு என்று எழுதியே கொடுத்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். எங்கள் சபையில் பாவ அறிக்கையை அச்சடித்தே வைத்திருப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் வாசிப்போம். இருநூறு பேரோடு சேர்ந்து வாசிப்பதால் யாருக்கும் தனியாக வலிக்காது. அன்றைக்கு என்னவோ என் குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. அடுத்த நாள் காலை உடன்குடி பஸ்ஸில் ஏறினேன். வேலைக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அது கைக்கு வந்த பிறகுதான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விடிலி வாசலில் கூடைகள் மூடாமல் கிடந்தன. ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் உள்ளே போய், ஒரு டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க சார். சீனி கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

குடித்தேன். அப்புறம் சொன்னேன். எண்ணெய், பிரஷ், வியாபாரி போன் செய்தது, நான் சொன்ன பதில், எல்லாம். கடைசியாகப் பேசிய சீனிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை.

"அவரு கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தட்டித் தட்டிப் பாத்துல்லா ஆறு பொறுக்கித் தந்தேன்" என்றாள். திட்டவில்லை. கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "என்னைப் போகச் சொன்னது எல்லாரு முன்னாலயும். நீங்க இங்கன வந்து ஒத்தையில சொன்னா ஆச்சா? இன்னைக்கு நிறுவை. அங்கன வந்து சொல்லுங்க."

புருஷன் பனையிலிருந்து இறங்கி வந்து எங்கள் பின்னால் நடந்தார்.

வியாபாரியின் முற்றத்தில் இருபது பேர் இருப்பார்கள். தராசைச் சுற்றிக் கூடைகள். நான் நடுவில் போய் நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி: எண்ணெய் தடவியது நான், இவள் சீனி போடவில்லை. வாயைத் திறந்தேன். பயம் வந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கருப்பட்டிக்குத் தலை வறண்டு போய்க் கெடந்தது. தேங்காண்ணெய் வச்சு விட்டேன். சடை போட்டுப் பூவும் வைக்கலாம்னுதான் இருந்தேன். மாஸ்டரு போதும்னுட்டாரு."

முற்றம் சிரித்தது. நிறுத்தியிருக்க வேண்டும். சிரிப்பைக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பிரஷ் பிடித்த கையை நடித்துக் காட்டினேன். கருப்பட்டியின் கன்னத்தைத் தட்டுவது போலத் தட்டிக் காட்டினேன். வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வே, நீரு படம் எடுக்கது வேஸ்ட்டு, மேடையில ஏறும்" என்றார். தராசுப் பக்கத்திலிருந்த ஒருவர், "அவளக் காப்பாத்தணும்னு கதை விடுதாரு. நல்ல மனுசன்" என்றார். "சத்தியமா சொல்லுதேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

வியாபாரி என்னைக் கோடவுனுக்குள் கூட்டிப்போனார். அங்கே சிரிப்பு இல்லை.

"நீரு எண்ணெய் தடவுனது எனக்குத் தெரியும்வே. அவ போன அன்னைக்கே, அவ முன்ன தந்ததுல நாலு ஒடச்சுப் பாத்துட்டேன். சுத்தம்."

"அப்ப அவங்க கூடையத் திருப்பி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"இப்ப எடுத்தா நான் சொன்னது தப்புன்னு ஆகும்லா? யாரோ ஒருத்தி சீனி போட்டா, அவள வெரட்டிட்டேன்னு ஊரு நம்புது. கடைக்கு அது நல்லது. இந்தப் பருவம் போகட்டும்." பிறகு என் தோளில் கையை வைத்தார். "போர்ட மாத்தணும். வேற படம் எடும். எண்ணெய் வேண்டாம்."

நான் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்தபோது அந்த அம்மாள் வாசலில் கூடையோடு நின்றாள். கோடவுனுக்குள் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே இருந்திருக்கும்.

"நல்லாச் சொன்னீங்க சார்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு கூடச் சிரிச்சிட்டாரு."

புதிய படத்துக்கு வியாபாரி வேறொரு விடிலிக் கருப்பட்டியைக் கொடுத்தார். எண்ணெய் இல்லாமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் மெதுவாக வைத்து எடுத்தேன். மங்கலாக, கறுப்பாக, இருக்க வேண்டியபடியே வந்தது. இன்னும் திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிறது. அடுத்த பருவத்தில் அந்தப் பக்கம் போனபோது அவர்கள் விடிலியில் வேறு யாரோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் என்னைத் தெரிந்திருந்தது. "சடை போட்டு விட்டவருல்லா நீரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நடந்தது முழுவதையும், நான் விட்டுவிட்ட அந்தச் சீனிப் பேச்சு உட்பட, உடன்குடியிலிருந்து திரும்பிய அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருந்தேன். சிரிக்க வைக்காமல் சொல்ல முயன்றேன். அவளிடம் அது ஒன்றும் கஷ்டமில்லை. கேட்டு முடித்துவிட்டு எழுந்து போனாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போதும் கருப்பட்டிக் காப்பிதான். எனக்கு மட்டும் அன்றிலிருந்து சீனி போட்டுத் தருகிறாள்.