அண்ணன் போட்ட விலை

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் வக்கீல் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். சுங்க மதிப்பீடு என்று முழுசாகச் சொன்னால் கேட்டவருக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் போய்விடும். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் என்னை விமான நிலையத்தில் பெட்டி சோதிக்கிறவள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர் சொல்லும் விலையை அரசாங்கம் லேசில் நம்பாது. அந்த விலை நிஜம்தான் என்று நிரூபித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் அரசாங்கத்தின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. யாரையும் சட்டென்று நம்ப முடிவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த மனிதர் என்னைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், நான் தமிழில் பேசுகிற வக்கீல் என்பதுதான். ஐம்பதைத் தாண்டியவர். செகந்திராபாத்தில் பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். முக்கியமாகச் செயற்கைப் பற்கள். பல் செட் கட்டுவதற்காக மெழுகுப் பட்டையில் வரிசையாகப் பதித்து, அட்டை அட்டையாக வரும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டாராம். மகன் ஊர்ப்பக்கம் அதிகம் போனதில்லை. ஆனாலும் பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சுதான். நடுவில் ஹைதராபாத் உருதுவின் ஒரு 'ஹவ்', ஒரு 'நக்கோ' வந்து விழும். பற்களை அனுப்புகிறவர் சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய சொந்த அண்ணன். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிப் பற்களுக்கு ஆசியா முழுக்க ஏஜெண்ட் அந்த அண்ணன்தான்.

வம்பு வந்த கதையை அவரே சொன்னார். விமான நிலைய ஏர் கார்கோவில் ஒரு சுங்க அதிகாரி, ஜெர்மனிப் பல் அந்த விலை விற்கும்போது உங்கள் பல் மட்டும் எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்டிருக்கிறார். இது வேறு தரம், அதனால் மலிவு என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

"எங்க அண்ணன்லா அனுப்புதாவ, எனக்குன்னா யாருக்கும் போடாத வெலைக்குப் போடுவாவன்னு சொன்னேன் வக்கீலம்மா. பெருமையாத்தான் சொன்னேன்."

அதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விற்பவரும் வாங்குபவரும் உறவுக்காரர்கள் என்றாலே சட்டம் அந்த விலையைச் சந்தேகப்படும். உறவுக்காக விலை குறையவில்லை என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். இவரோ குறைந்தது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஐந்து வருஷச் சரக்குக்கும் விலையை ஏற்றி, வரி, வட்டி, அபராதம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. தோற்றால் கடையை விற்றாலும் அடைக்க முடியாது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே சார்" என்றேன்.

"உண்மையத்தான வக்கீலம்மா சொன்னேன்" என்றார்.

இந்த மாதிரி வழக்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே பல்லை அதே அண்ணன் இந்தியாவில் வேறு யாருக்காவது விற்கிறாரா, என்ன விலைக்கு விற்கிறார் என்று காட்ட வேண்டும். இரண்டு விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பிழைத்தோம். அண்ணனின் நம்பரை உடனே கொடுத்தார். "நீங்களே பேசுங்க. அண்ணன் ஒண்ணையும் மறைக்க மாட்டாவ."

அண்ணன் மறைக்கத்தான் இல்லை. நல்ல மரியாதையான மனிதர். சென்னையில் ஒரு வியாபாரி, கொச்சியில் ஒரு வியாபாரி, இருவருக்கும் போடும் விலையைப் போனிலேயே சொன்னார். எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். தம்பிக்குப் போட்ட விலைதான் மூன்றிலும் கூடுதல். வருஷா வருஷம் அப்படித்தான்.

"தம்பிக்கு ஏன் சார் அதிகம்?" என்று கேட்டேன். வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. வாய் நிற்கவில்லை.

"மத்தவங்க பேரம் பேசுவாங்க, கொறைப்பேன். இவன் ஒரு நாளும் கேட்டது கெடையாது. கேட்டிருந்தா கொறைச்சிருப்பேன்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேஸுக்கு நல்லதுதான?" என்றார்.

நல்லதுதான். விலை குறைந்தால்தான் சுங்கத் துறைக்குக் கோபம் வரும், கூடினால் வராது. இதைவிடக் கெட்டியான சான்று எந்த வழக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை. போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை அவரிடம் சொல்ல வேண்டுமே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சொல்லாமல் மறைக்கவும் வழியில்லை. பதில் மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டின் முன்னறைதான் என் ஆபீஸ். வரச் சொல்லி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும். அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சென்னைக்காரனுக்குக் கொறைச்சா?"

"ஆமாம் சார்."

"அண்ணன்ட்ட போய் யாராவது பேரம் பேசுவாங்களா வக்கீலம்மா?"

எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. அவன் ஒரு விலை சொன்னால் நானும் மறு பேச்சுப் பேச மாட்டேன்.

"இதைச் சொல்லாம கேஸை முடிக்க வேற வழி இருக்கா?" என்று கேட்டார். இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். புத்தகங்களைப் புரட்டினேன், சீனியர் ஒருவரையும் கேட்டேன். வழி எதுவும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னதும் மனுவை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு சத்தமே இல்லை. போனும் எடுக்கவில்லை. பதில் கொடுக்க வேண்டிய கெடு நெருங்க நெருங்க எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கடை போனாலும் பரவாயில்லை, அண்ணனைப் பற்றிய நினைப்பு கெடக் கூடாது என்று இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். கடைசியில் ஒரு காலை வந்து மனுவை மேஜைமேல் வைத்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டார்.

விசாரணைக்கு உட்கார்ந்த அதிகாரி நியாயமானவர். மனுவைப் படித்துவிட்டு, பழைய வாக்குமூலத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு அண்ணன் குறைத்துக் கொடுத்தார் என்றீர்கள், இன்றைக்கு இல்லை என்கிறீர்கள், இரண்டில் எது பொய் என்று இந்தியில் கேட்டார். நான் எழுந்தேன். அவரே சொல்லட்டும் என்று அதிகாரி கையமர்த்திவிட்டார்.

கட்சிக்காரர் எழுந்து நின்றார். செகந்திராபாத் இந்தியில், ரொம்ப மெதுவாகச் சொன்னார். ரெண்டுமே பொய் இல்லை சார், அப்போது எனக்குத் தெரியாது.

அதிகாரியின் பக்கத்தில் இருந்தவர் அந்த வாக்கியத்தை டைப் செய்தார். அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல வைத்தது நான்தான்.

ஜெயித்தோம். இருவருக்கும் இடையிலுள்ள உறவு விலையில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை என்று ஆர்டரில் எழுதியிருந்தது. மற்ற வழக்குகளில் இந்த வரியைப் படித்ததும் கட்சிக்காரருக்குப் போன் போட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. நகல் வாங்க வந்தவர், நின்றபடியே முழுக்கப் படித்தார். கடை தப்பியது என்று கர்த்தருக்கும் எனக்கும் நன்றி சொன்னார்.

"இனிமேலாவது அண்ணன்கிட்ட விலையைக் குறைக்கச் சொல்லுங்க சார்" என்றேன்.

"இனிமேயா" என்றார். வேறு ஆளிடம் வாங்கலாமே என்றதற்கு, டாக்டர்களுக்கு இந்தப் பல்லின் நிறமும் அளவும் பழகிவிட்டது, மாற்றினால் கையிலுள்ள வியாபாரமும் போய்விடும் என்றார்.

அடுத்த சரக்கு வந்த அன்று போன் செய்தார். சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டின் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு சரக்கோடும் கொடுக்க வேண்டிய உறுதிமொழியில், விற்பவரும் வாங்குபவரும் உறவினரா என்று ஒரு கேள்வி இருக்கும். அதில்தான் சந்தேகமாம்.

"அதான் உறவால ஒண்ணுமில்லன்னு ஆர்டர் வந்துட்டுல்லா. இனிமே 'இல்ல'ன்னு போட்டுக்கிடலாமா வக்கீலம்மா?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. முகவரி மாற்றம் பற்றிக் கேட்பவர் போலச் சாதாரணமாகத்தான் கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் போட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக இன்னொரு நோட்டீஸ் வரும்.

"ஆமாம்னுதான் போடணும் சார். கூடப் பிறந்தவங்கன்னா சட்டப்படி எப்பவும் உறவுதான்."

அவருக்குப் பின்னால் யாரோ ஏஜெண்டிடம் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

"சட்டப்படின்னா சரி" என்றார்.