மஃரூப் நானா வைத்த சுண்ணாம்புப் புள்ளி

மஃரூப் நானா போய்விட்டார்.

"வாப்பா மௌத்தாகிட்டார் அங்கிள். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." புத்தளத்திலிருந்து அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நான் பார்த்தபோது பின்னேரம் ஐந்து மணி. எல்லாம் முடிந்திருந்தது.

பழைய கிளிநொச்சி ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் கண்டி வீதியில் கராஜ் வைத்திருந்தவர். எப்போதும் வாயில் வெற்றிலை.

அப்போது நான் அத்தானின், அதாவது அக்காவின் கணவரின், ரைஸ் மில்லில் வேலை. அத்தான் கொழும்பிலிருந்து ஒரு செக்கன்ட் ஹேண்ட் ஜப்பான் கார் கொண்டுவந்திருந்தார். அரைமனதோடு சாவியை என்னிடம் தந்தார்.

மாங்குளம் தாண்டி வரும்போது எஞ்சின் சட்டென்று நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை... டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது.

காரை நானாவின் கராஜுக்கு இழுத்து வந்தோம். அவர் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். நாலு வால்வு வளைந்திருந்தது. "பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் ஒண்டோட ஒண்டு முட்டிக்கொள்ளும் தம்பி. இது உங்கட பிழை இல்ல" என்றார்.

அத்தான் அப்படிச் சொல்லவில்லை. "கார் ஓடத் தெரியாதவனிட்ட சாவியைக் குடுத்தன் பார்" என்று மில்லில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். இன்னொரு முறை அந்தப் பேச்சை வாங்க என்னால் முடியாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து சாமான் வர மூன்று வாரம். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி உருட்டி கிரைண்ட் பண்ணினார் நானா.

பெல்ட் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தொட்டு, மேல் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழ்ச் சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"ரெண்டும் அதது இடத்துல நிக்கோணும். ஒரு பல்லு மாறினாலும் முடிஞ்சுது." எஞ்சினைக் கையால் இரண்டு தரம் சுற்றிக் காட்டினார். புள்ளிகள் சரியாக வந்து நின்றன. நான் பார்த்தேன்.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளையின் பொல்ட்டை முடுக்குவதுதான் மிச்சம். பத்தே நிமிட வேலை. ஆனால் பத்தரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை, இராகுகாலம்.

"கடைசி பொல்ட்டை ராகுகாலத்தில முடுக்க வேண்டாமாம் நானா. அக்கா சொல்லி விட்டவா" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்கட ராகுகாலம் முடிய எங்கட ஜும்மா வந்துடும். சரி, தொழுதுட்டு வந்து முடுக்கிறன். பெல்ட் இன்னும் லூசு, பல்லு தாண்டிடும். சாவியில மட்டும் கை வைச்சிடாதீங்க, தம்பி."

பொல்ட்டைக் கை முடுக்காக விட்டுவிட்டு, கை கால் கழுவி, சாரம் மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

பன்னிரண்டு மணி. இராகுகாலம் போய்விட்டது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் சீட்டில் இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு நல்ல நேரம் என்று அக்கா கடதாசித் துண்டில் எழுதித் தந்திருந்தா.

நல்ல நேரத்துக்கு ஒரு ஸ்டார்ட்... கொஞ்சம் திருப்பி உடனே நிற்பாட்டினால் என்ன? கராஜில் வேறு யாரும் இல்லை.

டக் டக் என்று இரண்டு சத்தம். கையை எடுத்துவிட்டேன். போய் வேப்ப மரத்தடியில் இருந்தேன், ஒன்றும் நடக்காதவன் மாதிரி.

நானா வந்தார். கூடவே அத்தானும் வந்து நின்றார். நானா பொல்ட்டை முடுக்கி, பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார். அதே டக் டக்.

மறுபடி கையால் சுற்றிப் பார்த்தார். மேல் புள்ளி இரண்டு பல் தள்ளி நின்றது. குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குறி மாத்தி வைச்சிட்டன் போல... என்ட பிழைதான்" என்றார், அத்தானைப் பார்த்து.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அத்தானுடைய முகம்தான் தெரிந்தது.

"உனக்குத் தெரியாட்டி ஏன் தொட்டனி?" என்று கேட்டார் அத்தான். தன்னைவிட வயதில் மூத்த மனிதரை, நீ என்று. காரை ட்ராக்டரில் கட்டி வவுனியாவுக்கு இழுத்துப்போகச் சொன்னார். அந்தக் கயிற்றைக் கட்டித் தந்ததும் நானாதான்.

பிறகு ஊர் முழுக்க அந்தக் கதைதான். ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் அவரிடம் போகவில்லை. யாராவது தப்பித்தவறிப் போனாலும், "பெல்ட் எஞ்சின் எனக்கு வராது, வவுனியாவுக்குக் கொண்டு போங்க" என்று அவரே அனுப்பிவிடுவாராம்.

தொண்ணூறில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட நான் போகவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒருமுறை புத்தளத்துக்கு அவரைத் தேடிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தண்ணீர் பம்ப் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிளேன்ரீ கொண்டுவந்த மகளிடம், "இந்தத் தம்பிட காருலதான் வாப்பாக்குக் கை பிழைச்சது" என்று சிரித்தபடி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தினை தரம் யோசிச்சிருப்பன்... ரெண்டு தரம் சுத்திப் பார்த்துட்டுத்தானே தம்பி போனன்?"

அத்தான் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. பயப்பட ஆள் இல்லை. அப்படியும் "ஓம் நானா" என்று மட்டும் சொல்லி, பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன். என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மகள், நீங்கள் இந்தப் பதிவை வாசிப்பீர்கள் என்று தெரியும். வாப்பாவுக்குக் கை பிழைக்கவில்லை. அவர் பள்ளியில் இருந்த நேரம் சாவியைத் திருப்பியது நான்.

புள்ளி சரியாத்தான் இருந்தது நானா.

போயிட்டு வாங்கோ...